டாய் பாம் (பொம்மை அளவுப் பொமரேனியன் நாய்) என்று வாங்கினேன், ஏழு மாதத்தில் ஆறு கிலோ. இது என்ன நாய்?

பாளை கணக்கர் எழுதியது:

வணக்கம். வங்கியில் 31 ஆண்டுகள் காசாளராக உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். எண் ஒத்துப்போகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது ஒத்துப்போகாத எண் ஒன்று என் வீட்டுக்குள்ளேயே நான்கு காலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் மனைவிக்கு முட்டி வலி. இழுத்துக்கொண்டு ஓடாத, மடியில் அடங்குகிற நாய்தான் வேண்டும் என்றாள். விசாரித்து, வெளியூரில் ஒருவரிடம் 45 நாள் குட்டி ஒன்றை 22,000 ரூபாய்க்கு வாங்கினோம். “ஒரிஜினல் டாய் பாம் சார், இரண்டரை கிலோவுக்கு மேல் ஒரு கிராம் ஏறாது, எழுதியே தருகிறேன்” என்றார். எழுதித் தந்த ரசீதில் “நாய்க்குட்டி 1” என்று மட்டும் இருந்தது. காசாளனாக இருந்தும் அதைப் படித்துப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்தது என் பிழை.

பெயர் பஞ்சு. ஆண். ஞாயிறுதோறும் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதி வருகிறேன். இரண்டாம் மாதம் 1.6 கிலோ, நான்காம் மாதம் 3.4, இப்போது ஏழாம் மாதம் 6.1. கடைக்காரர் இப்போதெல்லாம் அரிசி மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டுகிறார்.

உடம்பு முழுக்க வெள்ளை, காதோரம் மட்டும் லேசான சந்தன நிறம். கண்ணும் மூக்கும் கறுப்பு. காது நிமிர்ந்த முக்கோணம். வால் முதுகின்மேல் வளைந்து கிடக்கிறது. ஐந்தாம் மாதம் ரோமமெல்லாம் கொட்டி, மழையில் நனைந்த கோழி போல் இருந்தது. பிறகு மறுபடி வளர்ந்துவிட்டது.

குணத்தைச் சொல்கிறேன். செய்தித்தாள் போடும் பையனுக்குக் குரைக்கும், எரிவாயு உருளை கொண்டுவருபவருக்குக் குரைக்கும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கும் பதில் சொல்லும். தெருவில் போகும் எருமையைப் பார்த்துத் தன்னைவிடச் சின்னது என்று நினைக்கிறது. மனைவி எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே போகும். என்னைத் தராசோடு சேர்த்துப் பார்த்துப் பழகியதால், ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

சென்ற வாரம் வந்த மருமகன், “மாமா, இது பாமே இல்லை” என்று சிரித்தார். அன்று முதல் தூக்கமில்லை. இது எந்த இனம்? இன்னும் எவ்வளவு வளரும்?

சேலத்து மாம்பழம் எழுதியது:

ஐயா, எங்கள் தெருவில் ஏழு வீட்டில் இதே வெள்ளை நாய் இருக்கிறது. ஏழையும் பொமரேனியன் என்றுதான் சொல்கிறோம். என் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். மருமகன் சிரித்தார் என்பதற்காக நாயின் பெயரை மாற்றுவீர்களா?

கண்காட்சிக்காரி எழுதியது:

மாம்பழத் தம்பி, ஏழு வீட்டுக்காரர்களும் ஒரே தப்புக் கணக்கைப் போட்டால் அது சரிக்கணக்கு ஆகிவிடாது. கணக்கரையே கேளுங்கள்.

ஐயா, நான் இருபது வருடமாக நாய்க் கண்காட்சிகளுக்குப் போய் வருகிறேன், பதினோரு வருடம் பொமரேனியன் வளர்த்தவள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பஞ்சு நம் ஊர் ஸ்பிட்ஸ், அதாவது இந்தியன் ஸ்பிட்ஸ். ஸ்பிட்ஸ் என்பது நிமிர்ந்த காதும் வளைந்த வாலும் அடர்ந்த ரோமமும் உள்ள நாய்க் குடும்பம். தமிழ்நாட்டில் “பாம்” என்று கூப்பிடப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இதுதான். ஆங்கிலேயர்கள் இங்கே கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வகை நாய்களிலிருந்து, நம் வெயிலுக்குப் பழகி உருவானது. 1980, 90களில் நடுத்தர வீடுகளில் இது இல்லாத தெருவே இல்லை. பொமரேனியனும் அதே ஸ்பிட்ஸ் குடும்பம்தான். பால்டிக் கடலோரம் இன்று ஜெர்மனியிலும் போலந்திலுமாகக் கிடக்கும் பொமரேனியா என்ற பகுதியின் பெயரைத்தான் அது சுமக்கிறது. இரண்டும் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாடை ஒன்றாகத்தான் இருக்கும்.

எடையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். பட்டினி போட்டு எடையைக் குறைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் முகம். பொமரேனியனுக்கு மூக்குப் பகுதி குட்டை: மூக்கு நுனியிலிருந்து கண்களுக்கு நடுவிலுள்ள பள்ளம் வரை அளந்தால், தலையின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வரும். நம் ஸ்பிட்ஸுக்கு அது நீளம், நரிச்சாயல் கூடுதலாகத் தெரியும். அடுத்தது காது. பொமரேனியன் காது மிகச் சிறியது, பிடரி ரோமத்துக்குள் பாதி புதைந்திருக்கும். தூரத்திலிருந்தே காது தனியாகத் தெரிந்தால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிடும். பிறகு கழுத்து. பொமரேனியனுக்குக் கழுத்தே இல்லாததுபோல் தலை ரோமத்தில் உட்கார்ந்திருக்கும். வால் முதுகில் விசிறி போல் தட்டையாகப் படியும். முதுகு குட்டை, கால் குட்டை, பக்கவாட்டில் பார்த்தால் பந்து. நம்முடையதைப் பக்கவாட்டில் பார்த்தால் அது நாய்.

ரோமத்தைக் கையால் பாருங்கள். பொமரேனியனுக்கு உள்ளே இலவம்பஞ்சு மாதிரி நெருக்கமான அடுக்கு, அது தாங்கி நிற்பதால் வெளி ரோமம் விறைப்பாக எழும்பி நிற்கும். நம் ஸ்பிட்ஸுக்கு உள்ளடுக்கு மெலிது, ரோமம் கொஞ்சம் படிந்து கிடக்கும். ஐந்தாம் மாதம் ரோமம் கொட்டுவது இரண்டுக்கும் பொது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கடைசியாக எண். உங்களுக்குப் பிடிக்கும். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கக் கெனல் கிளப் கணக்கில் பொமரேனியன் 3 முதல் 7 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.4 முதல் 3.2 கிலோ. பல நாட்டுக் கெனல் கிளப்புகளின் உலக அமைப்பான எஃப்.சி.ஐ.யின் கணக்கில் தோள் உயரம் 18 முதல் 24 செ.மீ. அவர்கள் அதைப் பொம்மை நாய்க் கூட்டத்தில் வைக்காமல் ஸ்பிட்ஸ் கூட்டத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பஞ்சு ஏழு மாதத்திலேயே அமெரிக்க உச்ச வரம்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதற்காக வருத்தப்பட வேண்டாம். பொமரேனியனைச் சின்னதாக்கிப் புகழ்பெற வைத்ததே விக்டோரியா மகாராணிதான். 1888இல் இத்தாலிக்குப் போனபோது அவர் வாங்கிவந்த மார்கோ என்ற பொமரேனியன் பன்னிரண்டு பவுண்டு, ஐந்தரைக் கிலோ. இன்றைய அளவுகோலில் மகாராணியின் நாயும் தேறாது.

தோள் உயரத்தையும் முக நீளத்தையும் அளந்து எழுதுங்கள். உயரத்தைச் சுவரோரம் நிறுத்தி, முன்னங்காலுக்கு நேர் மேலே முதுகு தொடங்கும் மேட்டில் ஒரு அட்டையைப் படுக்கவைத்து அளக்க வேண்டும். தலையிலிருந்து அளக்காதீர்கள், பலர் அப்படித்தான் அளக்கிறார்கள்.

கோவைச் சீப்பு எழுதியது:

நாய்களுக்குக் குளிப்பாட்டிச் சீவிவிடும் கடை வைத்திருக்கிறேன். அக்கா சொன்ன உருவக் கணக்கு அத்தனையும் சரி. குணத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் குணத்தை வைத்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். “எப்போதும் குரைக்கிறது, ஒருவரையே ஒட்டிக்கொள்கிறது, பெரிய நாயோடு சண்டைக்குப் போகிறது, ஆகவே பாம்” என்பார்கள். இது மூன்றும் ஸ்பிட்ஸ் குடும்பத்தின் சொத்து. என் மேசையில் ஏறும் இரண்டு கிலோ பொமரேனியன், வாசலில் நிற்கும் லாப்ரடாரைப் பார்த்து உறுமும். ஏழு கிலோ ஸ்பிட்ஸும் அதையேதான் செய்யும். எருமை விஷயத்தில் உங்கள் பஞ்சு இரண்டு கட்சியிலும் உறுப்பினர்.

நான் கவனித்த வித்தியாசம் தெம்பில்தான். பொமரேனியன் வீட்டுக்குள் நாள் முழுக்கச் சுழலும், வெயிலில் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் “தூக்கு” என்று நிற்கும். நம் ஸ்பிட்ஸ் காலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து, மறுபடி வாசலைப் பார்க்கும். முட்டி வலி உள்ள அம்மாவுக்கு இது சிரமம். நடையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் ஐயா.

ஒரு வேண்டுகோள். சித்திரை வந்ததும் “பாவம், வியர்க்கும்” என்று ஒட்டச் சிரைத்துவிடாதீர்கள். அந்த ரோமம் வெயிலையும் தடுக்கிறது. சில நாய்களுக்குச் சிரைத்த பிறகு பழையபடி வளராமல் திட்டுத் திட்டாக நிற்கும். வாரம் மூன்று முறை வேர்வரை சீவினால் போதும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பில் மாட்டும் பட்டை வாங்குங்கள். சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மையானது. கட்டிலிலிருந்து குதிக்க விடாதீர்கள், பின்னங்கால் முட்டிச் சில்லு விலகக்கூடும்.

பாளை கணக்கர் எழுதியது:

அளந்துவிட்டேன். பஞ்சாங்கத்தைத் தோளில் படுக்கவைத்தோம், மனைவி பிடித்துக்கொண்டாள், மூன்று முறை அளந்தேன்: 29, 29, 28.5 செ.மீ. மூன்றாவது முறை அது பஞ்சாங்கத்தைக் கடிக்கத் திரும்பியதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மூக்கு நுனியிலிருந்து பள்ளம் வரை 6 செ.மீ., அங்கிருந்து பின்மண்டை வரை 9. மொத்தம் 15இல் மூன்றில் ஒரு பங்கு என்றால் 5 வர வேண்டும். 1 செ.மீ. உபரி. காது வாசலிலிருந்தே தெரிகிறது. மருமகன் சொன்னது சரி என்று எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அளக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. மேல் கோரைப்பல் இரண்டு பக்கமும் ஜோடியாக இருக்கிறது, பெரியதை ஒட்டி ஒரு சின்னப் பல். இது இனத்தின் அடையாளமா? சாப்பாடு எங்கள் வீட்டுச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும்தான்.

கண்காட்சிக்காரி எழுதியது:

29 என்றால் பொமரேனியன் இல்லை, முடிந்தது. ஏழு மாதம் என்பதால் உயரம் இனி அதிகம் ஏறாது, உடம்பு கொஞ்சம் நிறையும். ஏழு கிலோவைத் தொட்டால் ஆச்சரியப்படாதீர்கள். அதற்கு மேல் போனால் அது சாதத்தின் கணக்கு.

ஜோடிப் பல் இன அடையாளம் இல்லை. விழாமல் நின்றுபோன பால்பல். சின்ன நாய்களுக்கு அடிக்கடி வரும். இடுக்கில் உணவு தங்கி ஈறு கெடும். கால்நடை மருத்துவரிடம் இந்த மாதமே காட்டுங்கள். கருத்தடை செய்யும் எண்ணம் இருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்க முடியுமா என்று கேளுங்கள்.

சாம்பாரில் சின்ன வெங்காயம் போடுவீர்கள் அல்லவா? நாய்க்கு வெங்காயம் ஆகாது, இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அப்படித்தான், “ஒதுக்கிவிட்டுத்தான் கொடுக்கிறேன்” என்றாலும் சாறு அதில்தான் இருக்கும். இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்த முறை யாராவது “டீகப்”, “பாக்கெட் பாம்” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒரு இனம் எந்தக் கெனல் கிளப் பதிவேட்டிலும் இல்லை. உண்மையான பொமரேனியன் வேண்டுமானால் தாயை நேரில் பாருங்கள், குட்டியின் மைக்ரோசிப் எண்ணும் கெனல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அந்த அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது.

சேலத்து மாம்பழம் எழுதியது:

எங்கள் வீட்டு ராணியை அளந்தேன். 31. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பாளை கணக்கர் எழுதியது:

மருத்துவரிடம் போய் வந்தோம். தடுப்பூசி அட்டையில் இனம் என்ற இடத்தில் “பாம்” என்று விற்றவர் எழுதியிருந்ததை அடித்து, “ஸ்பிட்ஸ்” என்று எழுதிக் கையெழுத்திட்டார். திருத்தத்துக்குக் கையெழுத்து இருந்ததில் எனக்குத் திருப்தி. பல் அடுத்த வியாழக்கிழமை.

வீட்டுக்கு வந்து, ஏமாந்த 22,000 ரூபாயைப் பற்றி மறுபடி தொடங்கினேன். மனைவி பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “இரண்டரை கிலோவுக்குக் காசு கொடுத்தீர்கள், ஆறு கிலோ வந்திருக்கிறது. இதில் என்ன நஷ்டம்?” நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கிலோ 8,800 ரூபாய்க்குப் பேசியது 3,607க்கு இறங்கியிருக்கிறது. விடை சரியாகத்தான் வருகிறது.

வெங்காயம் இல்லாத சாம்பார் தனியாக ஒரு சட்டியில் வைக்க முடியாதாம். மூன்று நாளாக நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன்.