அம்பாசடர் மார்க் 3: ஃப்ளோர் இத்துப்போச்சு, பெட்ரோல் டேங்க்ல ஓட்டை, எங்கருந்து ஆரம்பிக்கறது?

பாலக்கோடு_மார்க்3:

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா வாங்கின அம்பாசடர் மார்க் 3, 1976 மாடல், பெட்ரோல் வண்டி. பாலக்கோடு பக்கத்துல எங்க தோட்டத்துல புளியமரத்தடி கொட்டாய்ல ரொம்ப வருஷமா நின்னுட்டு இருந்துச்சு. இஞ்சின் சுத்துது, அதுல பெருசா பிரச்சனை இருக்கற மாதிரி தெரியல. ஆனா உள்ள ரப்பர் மேட்டைத் தூக்கினா கீழ இருக்கற ஃபெல்ட் ஈரம் சொட்ட சொட்ட கெடக்கு, அதையும் உரிச்சுப் போட்டா டிரைவர் கால் வைக்கற எடத்துல கீழ மண்ணு தெரியுது. சுத்தி இருக்கற தகரத்தை ஸ்க்ரூடிரைவரால லேசா குத்தினாலே பொத்துக்கிட்டு உள்ள போகுது. எடது பக்கம் கொஞ்சம் பரவால்ல ஆனா அங்கயும் ஓரமெல்லாம் செதில் செதிலா உரியுது.

பெட்ரோல் டேங்க் கழட்டி வெளிய வெச்சிருக்கேன். அடியில ஊசி ஓட்டைங்க நாலஞ்சு எடத்துல கசிவு, உள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரே துரு, பழைய பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் வாடை வருது.

இங்க ஒரு டிங்கர் அண்ணன் வந்து பாத்தார். ஃப்ளோர் மேல ஒரு ஷீட்டு வெச்சு ரிவிட் அடிச்சு கீழ தார் பூசிடலாம், டேங்க் காலியாத்தான இருக்கு கேஸ் வெல்டிங்ல ஒரு பொட்டு வெச்சா முடிஞ்சதுங்கறார். செலவு கம்மிதான், ஆனா எனக்கு மனசு ஒப்பல. வண்டி நல்லா இருக்கணும், நானும் என் பையனும் ஓட்டணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க, தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எங்க போகணும்னாலும் போறேன்.

கிருஷ்ணகிரி_ரேடியேட்டர்:

தம்பி, மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல அந்த டேங்க்கை கேஸ் வெல்டிங் பக்கமே கொண்டு போகாதீங்க. காலி டேங்க்னு சொல்றாரே, அதுதான் ரொம்ப ஆபத்து. ரொம்பி இருக்கற டேங்க்ல எரியறதுக்குக் காத்து இருக்காது, காலி டேங்க்ல பெட்ரோல் ஆவியும் காத்தும் சரியான அளவுல கலந்து நிக்கும். காத்துல நூத்துக்கு ஒன்றரை பங்கு ஆவி இருந்தாலே போதும், ஒரு பொறி பட்டா வெடிக்கும். உள்ள இருக்கற துருவும் அந்த வார்னிஷ் படிவும் பெட்ரோலைக் குடிச்சு வெச்சிருக்கும், ரெண்டு நாள் வெயில்ல வெச்சாலும் சூடு பட்டதும் மறுபடி ஆவி விடும். அந்த ஆவி காத்தைவிடக் கனம், தரையோட ஊர்ந்து போய் பக்கத்துல எரியற அடுப்பைத் தொடும். அதனால வீட்டுக்குள்ள, கொட்டாய்க்குள்ள வைக்காம இப்பவே தொறந்த வெளியில வெச்சுடுங்க.

நான் ரேடியேட்டர் வேலையும் டேங்க் வேலையும் பல வருஷமா பண்றவன், எங்க வழி சொல்றேன். மிச்சம் இருக்கறத வடிச்சுட்டு கேஜ் யூனிட்டைக் (பெட்ரோல் அளவு காட்டற பாகம்) கழட்டுங்க, ஃப்ளோட்டோட சேர்த்து பத்திரமா எடுத்து வைங்க, அது சுலபமா கெடைக்காது. சுடு தண்ணியில சோப்புப் பவுடர் கலந்து ஊத்தி நல்லாக் குலுக்கி கொட்டுங்க, வாடை சுத்தமாப் போற வரைக்கும் திரும்பத் திரும்ப. அப்புறம் ரெண்டு கை நெறைய சின்ன நட்டுங்களைப் போட்டு குலுக்கினா பெரிய செதிலெல்லாம் உதுந்துடும். போட்ட நட்டை எண்ணி வெச்சுக்கங்க, ஒண்ணு உள்ள தங்கினாலும் அவுட்லெட் பைப்புல போய் அடைக்கும்.

மிச்ச துருவுக்கு சிட்ரிக் ஆசிட். மளிகைக்கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டாக் குடுப்பாங்க. பத்து லிட்டர் சுடு தண்ணிக்கு அரைக் கிலோ, ஓட்டைங்களை வெளிப்பக்கம் எம்-சீல் வெச்சு தற்காலிகமா அடைச்சுட்டு டேங்க் ரொம்ப ஊத்தி ராத்திரி பூரா விடுங்க. மூடியை இறுக்கிப் பூட்டாதீங்க, காஸ் வரும். காலையில கொட்டிட்டு நல்ல தண்ணி, அப்புறம் சோடா உப்பு கரைச்ச தண்ணி, மறுபடி நல்ல தண்ணி, உடனே ஹேர் டிரையரோ புளோயரோ வெச்சு காய வைக்கணும். விட்டீங்கன்னா கண்ணு முன்னாடியே மஞ்சளா பூத்துடும். டாய்லெட் கழுவற ஆசிட் போடச் சொன்னா கேக்காதீங்க, அது ஈயத்தையும் தின்னும் நல்ல தகரத்தையும் தின்னும்.

ஊசி ஓட்டைக்கு வெல்டிங்கே வேணாம், ஈயப் பத்துதான், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டறதுதான் சரி. டேங்க்ல தண்ணி ரொப்பி, பத்து வைக்கற எடத்துல மட்டும் கொஞ்சம் காலி இருக்கற மாதிரி சாய்ச்சு வெச்சு, செப்புக் கட்டியை தள்ளி வேற எடத்துல காய்ச்சிக் கொண்டாந்து வைக்கறதுதான் எங்க மொறை. டேங்க் மேல நெருப்பே படாது.

பெண்ணாகரம்_பழையவண்டி:

ஃப்ளோருக்கு ஃபைபர் மேட்டும் ரெசினும் போட்டுடலாமே ஜி, என் ஸ்கூட்டர் ஃபுட்போர்டுக்குப் போட்டேன் கல்லு மாதிரி நிக்குது. வெல்டிங் செலவும் மிச்சம்.

ஓசூர்_தகரவேலை:

ஃபைபர் வேணாங்க. அம்பாசடருக்கு லாரி மாதிரி அடியில தனி இரும்புச் சட்டம் (ஃப்ரேம்) கெடையாது, பாடியேதான் சட்டம். ஃப்ளோர், ரெண்டு பக்க சில்லு (டோருக்குக் கீழ நீளமா ஓடற பாகம்), கிராஸ் மெம்பர் (அடியில குறுக்கா போற பாகம்) எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குது. ஃபைபர் துருவோட ஒட்டாது, அடியில துரு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், மேல பாக்க மட்டும் நல்லா இருக்கும். மேல ஷீட்டு வெச்சு ரிவிட் அடிக்கறதும் இதே கதைதான், ரெண்டு தகரத்துக்கு நடுவுல தண்ணி நிக்கும், கீழ தார் பூசினா அந்தத் தண்ணி வெளிய போக வழியே இருக்காது.

பாலக்கோடு சார், நீங்க வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு தண்ணி எங்கருந்து வருதுன்னு. மேட்டு, ஃபெல்ட், சீட்டு எல்லாம் எடுத்துட்டு உங்க பையனை டார்ச்சோட உள்ள உக்கார வெச்சுட்டு வெளியருந்து ஓஸ் பைப்புல கீழருந்து மேலயா மெதுவா தண்ணி விடுங்க, மொதல்ல டோர் அடி, அப்புறம் கண்ணாடி பீடிங். இந்த வண்டிங்கள்ல முன் கண்ணாடி பீடிங் ரப்பர் காஞ்சு வெடிச்சு, தண்ணி டேஷ்போர்டுக்குப் பின்னாடியே எறங்கி கால் வைக்கற எடத்துல வந்து நிக்கறது ரொம்ப சகஜம். நீங்க புளியமரம்னு சொன்னதும் எனக்கு இன்னொண்ணு தோணுது, அந்த எலை ரொம்பப் பொடி, கண்ணாடி இறக்கற சந்து வழியா டோருக்குள்ள விழுந்து அடி ஓட்டையெல்லாம் அடைச்சிருக்கும். டோர் பேடைக் கழட்டிப் பாருங்க, ஒரு படி எலை மக்கு வரும். இதைச் சரி பண்ணாம புதுத் தகரம் போட்டா அதுவும் போயிடும்.

ரெண்டாவது, இதுதான் முக்கியம். மார்க் 3-ல முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்கி வெச்ச கம்பி. ரெண்டு நீளக் கம்பி முன்னாலருந்து பின்னால வந்து தரைக்கு அடியில குறுக்கா போற கிராஸ் மெம்பர்ல முடியும். வண்டியோட முன்பக்க பாரம் பூரா அந்த முறுக்குலதான் நிக்குது. அந்த கிராஸ் மெம்பரும் அது சேர்ற ஓரமும் துரு பிடிச்சிருந்தா அது ஃப்ளோர் வேலை இல்ல, உயிர் சம்பந்தப்பட்ட வேலை. கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு சின்னச் சுத்தியல்ல தட்டிப் பாருங்க. நல்ல இரும்பு கணீர்னு சத்தம் குடுக்கும், இத்துப்போனது பொத்துனு கேக்கும். முறுக்கு இருக்கற நெலைமையில அந்த போல்ட்டுங்களைத் தெரியாதவங்க யாரும் கழட்டக் கூடாது, கம்பி தெறிச்சா கை போயிடும்.

அது நல்லா இருந்தா மத்தது சமாளிக்கலாம். வண்டியை சமமான தரையில நிறுத்தி டோர் சந்து எவ்வளவு இருக்குன்னு அளந்து எழுதி வெச்சுக்கங்க. டோர் வாசல்ல குறுக்க ஒரு இரும்பு ஆங்கிளை தற்காலிகமா பொட்டு வெல்டு வெச்சுட்டு ஒரு பக்கம் முழுசா முடிச்ச பெறகுதான் அடுத்த பக்கம் வெட்டணும். ரெண்டையும் ஒண்ணா வெட்டினா பாடி நடுவுல தொங்கும், அப்புறம் எந்த டோரும் ஒழுங்கா மூடாது. துருவை மட்டும் வெட்டினாப் பத்தாது, கிரைண்டர்ல பளபளன்னு நல்ல தகரம் வர்ற வரைக்கும் போகணும். புதுசு 18 கேஜ் சி.ஆர். ஷீட்டு, அதாவது 1.2 மில்லி. ஜி.ஐ. ஷீட்டு வாங்காதீங்க, வெல்டிங்ல துத்தநாகப் புகை வந்து காச்சலே வந்துடும். பழைய ஃப்ளோர்ல இருக்கற மேடு பள்ள வரியெல்லாம் புதுசுலயும் அடிக்கணும், தட்டையா போட்டா ஓடும்போது தகரம் டமடமன்னு அடிக்கும். இங்க சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப் ஏகப்பட்டது இருக்கு, அட்டையில அளவு வெட்டிட்டுப் போனா பெண்ட் பண்ணிக் குடுப்பாங்க.

வெல்டிங் கேஸ்ல வேணாம், சூடு பரவி ஷீட்டு நெளியும். சி.ஓ.2 மிக் வெல்டிங்ல விட்டு விட்டு வைக்கணும், ஓரத்துல ஓட்டை போட்டு ப்ளக் வெல்டு வெச்சா கம்பெனி வேலை மாதிரியே நிக்கும். வெக்கறதுக்கு முன்னாடி பேட்டரி ஒயரைக் கழட்டணும், பெட்ரோல் பைப்பையும் பிரேக் பைப்பையும் வழியிலருந்து எடுத்துடணும், பக்கத்துல ஒருத்தர் தண்ணி பக்கெட்டோட நிக்கணும், அடிப் பூச்சு கண்ணுக்குத் தெரியாத எடத்துல பத்திக்கும். முடிச்சு ஜாயின்ட்ல சீம் சீலர், ரெண்டு பக்கமும் எபாக்ஸி பிரைமர், அது காஞ்ச பெறகு கீழ ரப்பர் கோட்டிங். வேஸ்ட் ஆயில் அடிக்கற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, புஷ், ஹோஸ் ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டுப்போகும்.

பாலக்கோடு_மார்க்3:

ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். டேங்க்கை உடனே வெளிய களத்து மேட்டுல வெச்சுட்டேன். தண்ணி விட்டுப் பாத்தோம், நீங்க சொன்னது அப்படியே, டிரைவர் பக்கக் கண்ணாடி பீடிங் கீழ் மூலையிலருந்து கோடு மாதிரி எறங்குது. ரெண்டு டோர்லயும் எலை அடைச்சுத்தான் இருந்துச்சு. கிராஸ் மெம்பரைத் தட்டிப் பாத்தேன், நடுவுல நல்ல சத்தம், ஆனா வலது ஓரம் சில்லோட சேர்ற எடத்துல சத்தம் மாறுது, கம்பி பிரஷ் போட்டதும் குழி குழியா தெரியுது, ஓட்டை இல்ல. என்ன செய்யட்டும்? இன்னொண்ணு, எங்கம்மா டேங்குக்குப் புளிக் கரைசல் ஊத்தச் சொல்றாங்க, பித்தளைக்கு அதுதான போடறோம்னு.

ஓசூர்_தகரவேலை:

குழி மட்டும்னா பயப்பட வேணாம், ஆனா பாக்காம இங்கருந்து நான் சொல்றது சரிப்படாது. ஷாக்கர், டார்ஷன் பார் வேலை தெரிஞ்ச பழைய அம்பாசடர் மெக்கானிக் ஒருத்தரை நேர்ல கூப்பிட்டு, முறுக்கை எறக்கிட்டு அந்த ஓரத்தைத் தெறந்து பாக்கச் சொல்லுங்க. கனம் கொறைஞ்சிருந்தா அங்க 18 கேஜ் பத்தாது, கனமான தகடுதான் வைக்கணும். அது முடியற வரைக்கும் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க, தொப்பூர் எறக்கத்துல ஒரு பள்ளத்துல விட்டா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க.

அப்புறம் 1976 மாடல்னா ஆர்.சி. விஷயமும் பாருங்க. மொதல் ரிஜிஸ்ட்ரேஷன்லருந்து 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல வந்த விண்டேஜ் விதி இருக்கு, புதுசாப் பதிய 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும். ஆனா சேஸிஸ், பாடி ஷெல், இஞ்சினை மாத்தியமைச்சிருக்கக் கூடாதுங்கறாங்க, விண்டேஜ்னு பதிஞ்சா தெனசரி ஓட்டவும் முடியாது. நீங்க ஓட்டறதுக்குன்னா சாதாரண ஆர்.சி. புதுப்பிக்கறதே நல்லது. எதுவானாலும் வெட்டறதுக்கு முன்னாடி, வெட்டும்போது, முடிஞ்சதும் போட்டோ எடுத்து வைங்க, சேஸிஸ் நம்பர் இருக்கற எடத்துல கிரைண்டர் படவே கூடாது.

கிருஷ்ணகிரி_ரேடியேட்டர்:

அம்மா சொல்றது தப்பில்ல, புளியில இருக்கற அமிலம் துருவை எடுக்கும். ஆனா சக்கை டேங்க்குள்ள ஒட்டிக்கிட்டா எடுக்க முடியாது, கடைசியில கார்ப்புரேட்டர்ல வந்து நிக்கும். எலுமிச்சை உப்பே போதும்னு சொல்லுங்க.

பத்து வெச்ச பெறகு டெஸ்ட் பண்ணும்போது கம்ப்ரசர் காத்து விடாதீங்க, டேங்க் உப்பிடும். வாயெல்லாம் அடைச்சுட்டு சைக்கிள் பம்புல மெதுவா ரெண்டு மூணு பி.எஸ்.ஐ. ஏத்தி சோப்புத் தண்ணி தடவுங்க, முட்டை வந்தா அந்த எடம் மறுபடி. தகரம் பரவலா மெலிஞ்சிருந்தா பத்து மேல பத்து வெச்சுப் பிரயோஜனம் இல்ல, அடித்தகட்டையே மாத்தணும் இல்லன்னா புது டேங்க் செஞ்சுக்கலாம்.

டேங்க் உள்ள சீலர் (கசிவை அடைக்கற பூச்சு) ஊத்தறதா இருந்தா எத்தனால் தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்கணும். இப்ப பங்க்ல வர்றது இருவது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், சாதா சீலரை தோல் மாதிரி உரிச்சுடும். பழைய ரப்பர் ஹோஸ், வண்டியோட பெட்ரோல் பம்ப்ல இருக்கற டயஃப்ரம் (ஜவ்வு) ரெண்டையும் அதுக்கேத்த மாதிரி மாத்திடுங்க. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், அதனால மாசக்கணக்குல நிறுத்தற வண்டியில அரை டேங்க் பெட்ரோலோட விடாதீங்க. டேங்க் மாட்டினதும் பம்புக்கு முன்னாடி ஒரு கண்ணாடி ஃபில்டர் போட்டு மொதல் கொஞ்ச நாள் தெனமும் பாருங்க, அடியில பழுப்பா படிஞ்சா கழட்டிக் கழுவிட்டு ஓட்டுங்க.