ஈவார் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவர்: எந்த ரத்தச் சோதனை பயன்படும்?

எஸ்டேட்_எச்ஏ, சுங்கை சிப்புட்:
வணக்கம். 68 வயதுப் பெரியவர். வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் (கம்பி வலையுள்ள துணிக்குழாய்) வைத்து, அதாவது ஈவார் செய்து, இன்று பத்தாம் நாள். காய்ச்சல் 37.8. சிஆர்பி (அழற்சியைக் காட்டும் அளவு) 60, டி-டைமரும் (ரத்தக்கட்டி கரைவதைக் காட்டுவது) கூடுதல். ரத்தத்தை நாங்கள் எடுக்கலாம், ஆனால் லேப் வண்டி காலையில் ஒரு தடவைதான். இனி எதை எடுப்பது? கிராஃப்ட்டைத் தாண்டி வீக்கப் பைக்குள் ரத்தக் கசிவு இருந்தால் டி-டைமர் காட்டிக்கொடுக்குமா?

வார்டு_அக்கா, ஈப்போ:
தம்பி, டிஸ்சார்ஜ் கடிதத்தில் சிஆர்பி எவ்வளவு? 150லிருந்து இறங்கி 60 ஆனதா, 25லிருந்து ஏறி 60 ஆனதா என்று தெரியாமல் இந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கிராஃப்ட் துணி உள்ளே போனதும் கிருமியே இல்லாமல் காய்ச்சல், வெள்ளையணு, சிஆர்பி மூன்றும் ஏறுவது உண்டு. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுங்கள். ஏறினால் அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். கிராஃப்ட்டை நுழைத்த தொடையிடுக்குத் தையலையும் விளக்கடித்துப் பாருங்கள்: சிவப்பு, சீழ், புடைப்பு. தயவுசெய்து "எதற்கும் இருக்கட்டும்" என்று ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கல்ச்சரில் கிருமி வளராமல் போய்விடும், அப்புறம் கிராஃப்ட்டில் கிருமியா என்று கண்டுபிடிக்கப் படாதபாடு பட வேண்டும்.

லேப்_பெஞ்ச்:
உறுப்புகளுக்கு ரத்தம் குறைந்தால் ஏறும் லாக்டேட்டையும் எடுக்கத் தோன்றும், ஆனால் அதை அந்த வண்டியில் அனுப்பவே வேண்டாம் அண்ணே. டியூபுக்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், லாக்டேட் தானாக ஏறும். பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொன்னாலும் ஏறும். பொட்டாசியமும் அப்படித்தான்: அணுக்களைப் பிரிக்கும் இயந்திரத்தில் சுழற்றாமல் மணிக்கணக்கில் வைத்தால் அணுக்களிலிருந்து கசிந்து பொய்யாகக் கூடும். ஜெல் டியூபைச் சுழற்றிவிட்டு அனுப்புங்கள். டி-டைமருக்கான நீல மூடி டியூபில் கோடு வரை ரத்தம் வேண்டும். 9 பங்கு ரத்தம், 1 பங்கு சிட்ரேட். குறைந்தால் முடிவு தப்பு.

சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினினை மட்டும் விடாதீர்கள். ஸ்கேன் சாயம் சிறுநீரகத்தைத் தாக்கலாம், கிராஃப்ட் சிறுநீரகத் தமனி வாயை மறைக்கவும் கூடும். ஆபரேஷனுக்கு முன் 90 மைக்ரோமோல் இருந்தவருக்கு இப்போது 135 என்றால் ஒன்றரை மடங்கு. லேப் தாளில் சின்னக் குறிதான் இருக்கும், விஷயம் பெரியது.

சர்ஜிக்கல்_எம்ஓ:
டி-டைமர் கசிவைக் காட்டாது சார். வீக்கப் பைக்குள் உறைந்த ரத்தம், ஆறும் புண், வயது எல்லாமே அதை ஏற்றும். கசிவைப் பார்ப்பது ஸ்கேன்தான். முதல் மாத சிடி தேதியைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்பிசியில் (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) ஹீமோகுளோபினைப் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். முதுகிலோ வயிற்றிலோ திடீர் வலி, மலத்தில் ரத்தம், ஒரு கால் சில்லிட்டு வெளுப்பது: இவற்றுக்கு எந்த ரத்த முடிவுக்கும் காத்திருக்காதீர்கள், நேரே ஆம்புலன்ஸ். குடலுக்கு ரத்தம் குறையும்போது ஆரம்பத்தில் லாக்டேட் சரியாகவே இருக்கலாம்.

எஸ்டேட்_எச்ஏ:
கடிதத்தில் சிஆர்பி 148, கிரியாட்டினின் 92. நாளை மறுநாள் வண்டியில் சிஆர்பி, எஃப்பிசி, சுழற்றிய ஜெல் டியூப் போகும். தொடையிடுக்கு இப்போது காய்ந்து சுத்தமாக இருக்கிறது. முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.