புதுப்பிப்பு: செம்பனை நிலம் வந்தால் யாரிடம் அனுப்புவது?

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளை மட்டுமே விற்கும் முகவரிடம் செம்பனை (எண்ணெய்ப்பனை) நிலம் வந்தால், விவசாய நிலம் பழகிய முகவரிடம் அனுப்பிவிடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். எப்படி அனுப்புவது என்று கேட்டவர்களுக்காக இது.

முதலில் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தைப் படியுங்கள். நில வகை, நிபந்தனை, உரிமை மாற்றத் தடை, மலாய் ரிசர்வ் (மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய நிலம்) குறிப்பு நான்கையும் பாருங்கள். தடை இருந்தால் மாநில அரசின் ஒப்புதல் வந்த பிறகே பெயர் மாறும். ஒப்பந்தக் கெடுவில் அந்தக் காலத்தைச் சேர்க்காவிட்டால் பேரம் முறியும். ஒன்றையொன்று ஒட்டிய விவசாய நிலம் 40 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்தால், தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவுப்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதியும் வேண்டும். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் நம்மவர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் இழந்த கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரிவின் அருமை புரியும்.

கமிஷன் பங்கை நிலத்தைக் காட்டப் போகும் முன்பே எழுத்தில் முடியுங்கள், அதுவும் நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே. நிறுவனத்தின் கீழ் வேலை செய்யும் சிவப்பு அட்டை ஆர்இஎன் (சொத்து விற்பனைப் பேச்சாளர்) தன் சொந்தக் கணக்கில் பணம் வாங்கக்கூடாது. வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் அவர் எண்ணையும் கிராண்ட் நகலையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.