ராம் 3500 டூயலியில் செமி டயர்: ஸ்டியரிங் ஆட்டம், நட் தளர்ச்சி, ரப்பர் வாடை. எதைப் பார்க்கணும்?

கூஸ்நெக்:
வண்டி 2016 ராம் 3500 டூயலி (பின்னாடி பக்கத்துக்கு ரெண்டு சக்கரம் உள்ள பிக்கப்), ஃபோர் வீல், அச்சு கியர் விகிதம் 4.10. கம்பெனி டயர் 235/80ஆர்17. அதைக் கழட்டிட்டு, 8 நட்டை 10 நட்டா மாத்துற அடாப்டர் வெச்சு, பழைய இரும்பு ரிம்மில் 11ஆர்22.5 செமி (பெரிய ட்ரெய்லர் லாரி) டயர் ஆறும் மாட்டியாச்சு. சஸ்பென்ஷனைத் தூக்கியிருக்கு, மட்கார்டு உரசலை.
பிரச்சினை மூணு. மீட்டர் 55 மைலைத் தொட்டதும் ஸ்டியரிங் ஆடுது. பின்பக்க நட்டுகள் 100 மைலுக்குள்ள தளருது, இறுக்கினா மறுபடியும் தளருது. ட்ரெய்லர் ஏத்தினா பின்னாடி ரப்பர் கருகுற வாடை. பேலன்ஸ் பார்த்தாச்சு. வேற என்ன பார்க்கணும்?

அச்சாணி:
முதல்ல வண்டியை நிறுத்துங்க. ரெண்டு தடவை தளர்ந்த நட்டை மூணாவது தடவையும் இறுக்கிட்டு ரோட்டுல போகாதீங்க, கழண்ட சக்கரம் எதிர்ல வர்றவங்க மேலதான் போய் விழும்.
ரிம்மில் நட் உட்காரும் ஓட்டையைப் பார்த்துச் சொல்லுங்க. நேரா வெட்டின ஓட்டையா, கிண்ணம் மாதிரி சரிஞ்ச ஓட்டையா? நட் எப்படி, அடியில் சுழலுற தட்டு வாஷர் இருக்கா?

கூஸ்நெக்:
ஓட்டை கிண்ணம் மாதிரிதான் இருக்கு. நட்டில் சுழலுற வாஷர் இருக்கு, 33 மிமீ சாக்கெட். ரெண்டு மூணு ஓட்டையில் இருந்து செந்துரு கோடு கோடா வெளிப்பக்கம் இறங்கியிருக்கு.

அச்சாணி:
அப்போ காரணம் கிடைச்சாச்சு. செமி ரிம்மில் ரெண்டு வகை உண்டு. ரெண்டுக்கும் 10 ஓட்டை, 285.75 மிமீ வட்டம். அதனால எதுவும் எதுலயும் ஏறிடும், ஆனா பிடிக்கிற முறை வேற. நேர் ஓட்டை ரிம் ஹப் (சக்கரம் மாட்டுற அச்சு முனை) பைலட் வகை. 220 மிமீ நடு ஓட்டை ஹப் மேல உட்கார்ந்து ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரும், நட்டுக்கு வேலை அழுத்திப் பிடிக்கிறது மட்டும். கிண்ண ஓட்டை ரிம் ஸ்டட் (நட் ஏறுற போல்ட்) பைலட் வகை. அதுல உருண்டை அடி நட்டுதான் கிண்ணத்துல உட்கார்ந்து ரிம்மை நடுப்படுத்தும், ஜோடி சக்கரத்துல உள் ரிம்முக்குத் தனி உள் நட்டும் வேணும்.
உங்க அடாப்டரும் நட்டும் ஹப் பைலட், ரிம் ஸ்டட் பைலட். தட்டை வாஷர் கிண்ணத்தோட விளிம்புல ஒரு கோடு மாதிரி மட்டும் தொடுது. அந்தக் கோடு நசுங்க நசுங்க இறுக்கம் போயிடும். செந்துரு இறங்குறது அந்த அசைவுக்கு அடையாளம். ரிம் நடுவுலயும் உட்காராது, ஆட்டத்துல பெரும்பங்கு அங்கேதான். பேலன்ஸ் மெஷின்ல ரிம்மைத் தனியா நடுப்படுத்திப் பிடிப்பாங்க, அதனால அங்கே இது தெரியவே தெரியாது.
ஆறு ரிம்மையும் ஹப் பைலட்டா மாத்துங்க. தளர்ந்து ஓடின ஸ்டட்டெல்லாம் புதுசு போடணும். ரிம்மும் அடாப்டரும் ஒட்டுற முகத்துல துரு, தடிப்பான பெயின்ட் ரெண்டையும் சுரண்டிடுங்க, பெயின்ட் அமுங்கினாலும் இறுக்கம் குறையும். முதல்ல எதிரெதிரா 50 அடி-பவுண்டு வெச்சு உட்கார வைங்க, பிறகு டார்க் ரெஞ்சில் 450 முதல் 500. இம்பாக்ட் கன்னோட விட்டுடாதீங்க.
நிறைய பேர் விடுற இடம் இது: அடாப்டரை ஹப்போட பிடிக்கிற 8 நட்டு உள்ளே மறைஞ்சிருக்கும். 100 மைலுக்கு அப்புறம் வெளி நட்டை மட்டும் பார்த்தா போதாது. சக்கரத்தைக் கழட்டி அந்த எட்டையும் ராம் மேனுவல் சொல்ற டார்க்குக்குப் பார்க்கணும்.
மாத்தின பிறகும் ஆடினா, ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைச் சுத்தி, டயருக்குப் பக்கத்துல ஒரு கட்டையை வெச்சு மேடு எங்கேன்னு சாக்கில் குறிங்க. ரிம்மைக் கழட்டி அஞ்சு ஸ்டட் தள்ளி மாட்டுங்க. மேடு ரிம்மோட நகர்ந்தா ரிம் அல்லது டயர், ஹப்புலயே நின்னா அடாப்டர். ட்ராக் பார் (முன் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கிற தண்டு), பால் ஜாயின்ட்டையும் ஆட்டிப் பாருங்க, இவ்வளவு எடையில் அதெல்லாம் சீக்கிரம் தேயும்.

டயர்க்கடை:
இன்னொண்ணு. மீட்டர் 55 காட்டுறப்போ நீங்க போறது 55 இல்லை. பழைய டயர் விட்டம் சுமார் 32 இஞ்ச், இது கிட்டத்தட்ட 42. வித்தியாசம் 1.3 மடங்கு, அதாவது நிஜ வேகம் 72 மைல் பக்கம். 11ஆர்22.5 பலதுக்கு உச்ச வேகம் 75, சிலதுக்கு 65 மட்டும். பக்கச் சுவர்ல பாருங்க. ஜிபிஎஸ் வெச்சு ஒத்துப் பார்த்து, ஸ்கேனரில் டயர் அளவை மாத்துங்க.
அதே 1.3 பிரேக்கையும் பிடிக்கும். கேலிப்பர் மாறலை, சக்கரம் பெருத்தாச்சு, அதனால தரையில் கிடைக்கிற பிரேக் விசை கால் பங்கு கிட்ட குறையுது. 4.10 அச்சும் 3.15 மாதிரிதான் இழுக்கும். பழைய இழுப்பு வேணும்னா 5.3 கியர் தேடணும்.
வாடைக்கு வர்றேன். 8.25 இஞ்ச் அகல செமி ரிம்மின் ஆஃப்செட் (ஹப்போட ஒட்டுற முகத்துல இருந்து ரிம்மோட நடுக்கோடு வரை தூரம்) பெரும்பாலும் 168 மிமீ, ஜோடிக்கு நடுவே 336. டயர் அகலம் 280. காத்து சரியா இருந்தா ரெண்டு டயரும் ஒண்ணோட ஒண்ணு உரசாது. நான் சந்தேகப்படுறது பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டையை. கம்பெனி ரிம் ஆஃப்செட் சுமார் 140, அதோட டயரில் பாதி 118, மொத்தம் 258. இப்போ 168 கூட டயரில் பாதி 140, மொத்தம் 308. உள் டயர் 50 மிமீ பட்டைப் பக்கம் நகர்ந்திருக்கு. அடாப்டர் தடிமன் 50 மிமீக்குக் குறைஞ்சா பழைய இடைவெளி கிடைக்காது. நட் பிரச்சினையைச் சரி பண்ணின பிறகு உள் சுவர்ல சாக்கு பூசி, ட்ரெய்லரோட மெதுவா ஒரு மைல் போயிட்டுப் பாருங்க. சாக்கு அழிஞ்ச இடம்தான் உரசுற இடம்.
இந்த 11ஆர்22.5 ஏற்கெனவே ஓடின டயர்னா விட்டத்தையும் அளங்க. ஜோடிக்குள்ள அரை இஞ்சுக்கு மேல வித்தியாசம் இருந்தா பெருசுதான் சுமையில் பெரும்பங்கு தாங்கிச் சூடாகும்.

கூஸ்நெக்:
அடாப்டர் 38 மிமீதான். பட்டையில் கருப்புத் தேய்மானமும் தெரியுது. எனக்கு வேண்டியது பாரத்துக்குத் தாங்குற டயர், தோற்றம் ரெண்டாம்பட்சம். 19.5 இஞ்ச் ரிம் போதுமா?

டயர்க்கடை:
பாரம்தான்னா அதுவே சரி. 225/70ஆர்19.5, ஜி ரேஞ்ச் (சுமை தாங்குற தரம்). 8 ஓட்டை, 165.1 மிமீ வட்டத்துக்கே 19.5 ரிம் வருது, நேரா மாட்டலாம், அடாப்டரே வேண்டாம். விட்டம் 32 இஞ்ச் பக்கம், மீட்டரும் பிரேக்கும் பழையபடி. ஜோடியில் கம்பெனி டயர் ஒண்ணு 1285 கிலோ தாங்கினது, இது 1700 தாங்கும், 110 பிஎஸ்ஐயில். காலியா ஓடுறப்போ அவ்வளவு காத்து வைக்காதீங்க, டயர் கம்பெனியோட சுமை அட்டவணை பார்த்துக் குறைங்க, இல்லாட்டி பின்பக்கம் குதிக்கும். செகண்ட்ஹேண்ட் ரிம் வாங்கினா வருஷம் கேளுங்க: 2019 முதல் ராம் டூயலி 200 மிமீ வட்டம், உங்களுக்குச் சேராது.
டயர் கூடுதலா தாங்கினாலும் அச்சு தாங்காது. டிரைவர் கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கிற பின் அச்சு எடைதான் எல்லை.

அச்சாணி:
கழட்டும்போது வண்டியோட பழைய ஸ்டட் மரையையும் பார்த்துடுங்க. அடாப்டர் தளர்ந்து ஓடியிருந்தா மரை நசுங்கியிருக்கும், நட்டு கையால ஏறாது. அப்படி ஒண்ணு இருந்தாலும் அந்த ஹப்புல எட்டையும் மாத்திட்டு 19.5 மாட்டுங்க.