மறு: சைட்டோகைனுக்குத் தமிழ்ச் சொல் – ‘கல இயக்கி’யா, ‘கலத்தூது’வா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

கலங்கள் (உயிரணுக்கள்) ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல விடும் சிறு புரதம்தான் சைட்டோகைன். அதற்குத் தமிழில் ‘கல இயக்கி’ என்று நம்மிடையே வந்த முன்மொழிவை இரண்டு நாளாக மனதில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 1974இல் ஸ்டான்லி கோகன் சைட்டோகைன் என்று பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்ட இரண்டு கிரேக்க வேர்களும் அதில் அப்படியே இருக்கின்றன. கினேசிஸ் என்றால் இயக்கம். கைட்டோஸ் என்றால் உள்ளீடற்ற பாத்திரம், பிறகு உயிரணு. நம் ‘கலம்’ என்ற சொல்லுக்கும் பாத்திரம் என்றுதானே முதற்பொருள்! தமிழ்நாட்டு நண்பர்கள் ‘உயிரணு’ என்று எழுதினாலும், எங்கள் இலங்கைப் பாடநூல்களில் உள்ள ‘கல’த்தை இதற்காகவே விடக்கூடாது என்பேன்.

ஆனால் ‘இயக்கி’ எனக்கு ஒட்டவில்லை. மலையகத்தில் ஹட்டன் பக்கம் நான் பிறந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஓர் அக்காவுக்கு நாள்பட்ட ஹெப்பட்டைட்டிஸ் பி, அதாவது வைரசால் வரும் ஈரல் அழற்சி. “தம்பி, அந்த வைரசு ஈரலைத் தின்னுதா?” என்று கேட்டார். இங்கே மஞ்சள் காமாலை என்றாலே பலருக்கு 2007இல் கம்பளையில் தண்ணீர் வழியே பரவியதுதான் நினைவு. அது ஏ வகை, நாள்பட்டு நிற்காது. அக்காவுடையது ஆறு மாதம் தாண்டியும் விலகாதது.

தின்னவில்லை என்றுதான் சொன்னேன். பி, சி வைரசுகள் பெரும்பாலும் ஈரற் கலத்தைத் தாமாகக் கொல்வதில்லை. தொற்றிய கலத்தை அடையாளம் கண்ட டி-கலங்கள் (நோயெதிர்ப்புக் கலங்களில் ஒரு வகை) காமா இன்டர்ஃபெரோன், டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்களை விடுகின்றன. அவை சில வேளை கலத்தைக் கொல்லாமலே உள்ளேயிருக்கும் வைரசை அடக்கிவிடும். அடக்க முடியாதபோது வேலை முடியாமலும் நிற்காமலும் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. இன்னும் கலங்கள் வந்து சேர்கின்றன, அழற்சி ஆறுவதில்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சைட்டோகைனின் சொல் கேட்டு, ஈரலிலுள்ள விண்மீன் வடிவக் கலங்கள் நார்ப்பொருளைச் சுரந்து தழும்பாக்குகின்றன. அந்தத் தழும்பு முற்றியதுதான் சிரோசிஸ்.

இதற்கிடையே இன்டர்லூக்கின்-10 என்று ஒன்று. அதுவும் சைட்டோகைன்தான், ஆனால் அழற்சியைத் தணிப்பது அதன் வேலை. ஈரலுக்கு அது நிழல். அதே நிழலில் வைரசும் தங்கிவிடுகிறது. இதை ‘இயக்கி’ என்று எப்படிச் சொல்வது? ‘தூண்டி’ என்றாலும் இதே சிக்கல்தான்.

‘கல ஏவி’ என்று நானே ஒன்றை எழுதிப் பார்த்தேன். ஏவலில் ‘செய்’யும் உண்டு, ‘செய்யாதே’யும் உண்டு, இலக்கணம் பொருந்தி வந்தது. ஆனால் எங்கள் தோட்டங்களில் ஏவல் என்றால் பில்லி சூனியம். நோயால் ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் ஒருவரிடம் “உங்கள் ஈரலில் ஏவி கூடியிருக்கிறது” என்று சொல்ல எனக்கு மனம் வராது. கலைச்சொல் நோயாளியின் காதுக்கும் போகும். அதனால் அதை விட்டேன்.

ஆகவே ‘கலத்தூது’. போ என்றும் தூது வரும், நில் என்றும் வரும். அழற்சித் தூது, தணிப்புத் தூது, நார்த் தூது என்று பிரித்துச் சொல்லவும் இடம் தருகிறது. ஓமோனும் (ஹார்மோனும்) தூதுதானே என்று கேட்பீர்கள். சரி, ஆனால் ஓமோன் பெரும்பாலும் ஒரு சுரப்பியில் பிறந்து குருதியில் தொலைதூரம் போகிறது. இதுவோ பல வகைக் கலங்களில் பிறந்து பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் வேலை செய்கிறது. தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதற்கு, தப்பு அடித்தால் லயம் முழுக்கக் கேட்கும். ஒருவர் கொழுந்து பறிக்கப் போவார், ஒருவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்ய (வெட்டிச் சீராக்க) போவார். ஒரே தூது வெவ்வேறு கலத்தில் வெவ்வேறு வேலையை நடத்துவதும் அப்படித்தான். கலத்திலிருந்து கலத்துக்கு என்ற பொருளை முன்னொட்டே தருவதால் வேறு அடைமொழி வேண்டியதில்லை என நினைக்கிறேன்.

இன்டர்ஃபெரோனைத் தமிழாக்க வேண்டாம். 1957இல் ஐசக்சும் லிண்டன்மானும் வைத்த அந்தப் பெயர் மருந்துச் சீட்டிலும் அப்படியே வந்துவிட்டது. நோயாளி அதே பெயரைச் சொல்லிக் கேட்பதுதான் பாதுகாப்பு.

எனக்கு இன்னும் பிடிபடாதது கீமோகைன், அதாவது கலங்களை ஓரிடத்துக்கு இழுக்கும் சைட்டோகைன் வகை. டி-கலங்களை ஈரலுக்குள் கூப்பிடும் சிஎக்ஸ்சிஎல்-10 அந்த வகை. ‘அழைப்புத் தூது’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழ் போல் ஒலிக்கிறதோ என்று ஓர் ஐயம். ‘ஈர்ப்புத் தூது’ மேலா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள், வரும் தவணைக்குள் மாணவருக்கான குறிப்பில் சேர்க்க வேண்டும்.