அத்திரிபாச்சா கதையில் அடியை எடுத்துவிட்டால் சிரிப்பு வருமா?

காரைக்குடி மருமகள்:
லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறோம். மத்தியான வெயிலுக்குப் பிள்ளைகள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உருண்டுகொண்டு அப்பத்தாவிடம் கதை கேட்கிறார்கள். நேற்று கொழுக்கட்டைக் கதை. தெரிந்ததுதான், மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே வருகிறான், வாய்க்காலை 'அத்திரிபாச்சா' என்று தாண்டியதில் பேர் மாறிவிடுகிறது, வீட்டில் வந்து பெண்டாட்டியிடம் அத்திரிபாச்சா செய்து தா என்கிறான், அவளுக்குத் தெரியவில்லை, அறைகிறான். பக்கத்து வீட்டு ஆச்சி "என்னடி, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கு" என்றதும் "அதான், அதான்!" என்று குதிக்கிறான். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். என் அஞ்சு வயது மகள் மட்டும் "மறந்தது அவன், அடி ஏன் அவளுக்கு?" என்றாள். அப்பத்தா "கதைதானே ஆத்தா" என்று வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் பதில் வரவில்லை, இதே கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தவள்தானே நானும். அத்திரிபாச்சா வேண்டும், அடி வேண்டாம், பாடம் நடத்தவும் கூடாது. யாராவது சொல்லுங்களேன்.

கொட்டான்காரி:
எங்கள் வீட்டில் ஓடுகிற கதை இது. "அத்திரிபாச்சாவா, அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு. ஆனா கேட்டவங்கதான் மாவு இடிக்கணும், இல்லேன்னா வேகாது" என்கிறாள். சரியென்று அவன் இடிக்கிறான், தேங்காய் துருவுகிறான், தண்ணீர் இறைக்கிறான், முகப்புக்கும் அடுப்படிக்கும் எட்டு நடை ஓடுகிறான் (நம்ம வீடுகளின் நீளம்தான் தெரியுமே, ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம்). அவள் திண்ணையில் காலை நீட்டிப் பல்லாங்குழி ஆடுகிறாள். கடைசியில் முகமெல்லாம் மாவு, கன்னம் உப்பி மூச்சு வாங்குகிறது. ஆச்சி எட்டிப்பார்த்து "என்னப்பு, மூஞ்சி கொழுக்கட்டை மாதிரி இருக்கு?" என்கிறாள். அவ்வளவுதான். ஒவ்வொரு நடைக்கும் பிள்ளைகளை அத்திரிபாச்சா என்று குதிக்க விடுங்கள், வீடு அதிரும்.

தேவகோட்டையான்:
இதெல்லாம் தேவையா? காலம் காலமாக வந்த கதை. கேட்டு வளர்ந்த நாங்கள் யாரையும் அடிக்கவில்லை. இப்படியே போனால் வடை சுட்ட பாட்டியை ஜிஎஸ்டி கட்டச் சொல்வீர்கள்.

பழைய பெட்டகம்:
ஜிஎஸ்டிக்குச் சிரித்துவிட்டேன். ஆனால் மாறாமல் வந்த கதை எது தம்பி? பாட்டி வீட்டுக்குப் போகிற சிவப்புத் தொப்பிக்காரி கதையை 1697-ல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ அச்சிட்டபோது ஓநாய் அவளைத் தின்றதோடு சரி. 1812-ல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் புத்தகத்தில் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுகிறான். அந்தக் கதைக்கே ஒரு வால் உண்டு, பலர் சொல்வதில்லை. இன்னொரு ஓநாய் கூரையில் ஏறுகிறது. பாட்டியும் பேத்தியும் இறைச்சி வேகவைத்த தண்ணீரைத் தொட்டியில் நிரப்புகிறார்கள், வாசத்துக்கு எட்டி எட்டிப் பார்த்துச் சறுக்கி விழுந்து தொட்டியிலேயே முங்கிப்போகிறது. வேட்டைக்காரனே கிடையாது. நான் உப்புக்கறித் தண்ணீர் என்று சொல்லுவேன், பேத்திகளுக்கு எச்சில் ஊறும். கொட்டான்காரி, ஒன்றே ஒன்று, அவனைச் சுத்த மடையனாக்கிவிடாதீர்கள், பேரன் முறைத்துக்கொள்வான். கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்து ஏமாந்தால்தான் சிரிப்பு.

காரைக்குடி மருமகள்:
ராத்திரி சொல்லிப் பார்த்தேன். நடுவில் அப்பத்தா "அரிசியை ஊறப்போடாம எப்படி இடிச்சான்? கதை சொல்றாளாம்" என்று புகுந்து, மீதியை அவர்களே சொல்லி முடித்தார்கள். மகளுக்கு ஒரே சந்தேகம்தான், பாத்திரம் யார் விளக்கியது என்று.

"அவன்தான். புளி போட்டு."