மறு: அசால்ட் வெப்பன் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

‘அசால்ட் ரைபிள்’, ‘அசால்ட் வெப்பன்’ இரண்டுக்கும் தமிழ் தேடும் இழை நீண்டுகொண்டே போகிறது, சொல்தான் அமையவில்லை. துப்பாக்கித் தடைச் சட்டங்களைப் பற்றிய இந்தக் கட்டுரையை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டவன் என்ற முறையில் நானே ஒரு முடிவுக்கு வரப் பார்க்கிறேன்.

> இரண்டையும் ‘தாக்குதல் துப்பாக்கி’ என்றே விட்டுவிடலாம். நாளிதழ்களில் அப்படித்தான் வருகிறது.

ஐயா, நாளிதழ்களில் அப்படி வருவதால்தான் குழப்பமே. அசால்ட் ரைபிள் படைத்துறைச் சொல். ஜெர்மன் படை 1944இல் கொண்டுவந்த ‘ஷ்டுர்ம்கெவேர்’ என்ற பெயரின் பெயர்ப்பு. அதில் ஒரு சிறு நெம்பு இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் ஒவ்வொரு குண்டாகச் சுடும்; இன்னொரு பக்கம் தள்ளினால் விசையிலிருந்து விரலை எடுக்கும்வரை சடசடவென்று பொழியும். இதற்குத் ‘தாக்குதல் ரைபிள்’ என்று வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.

அசால்ட் வெப்பன் அமெரிக்கச் சட்டங்களில் புழங்கும் சொல். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டு. அடுத்தது தானாக ஏறி நிற்கும், ஆனால் சுட மறுபடி இழுக்க வேண்டும். இந்த அரைத் தானியங்கிகளில் எதைத் தடுப்பது, எதை விடுவது என்று சட்டம் போட்ட கோடுதான் அது. கோடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், கடையில் விற்கும் ஏஆர்-15ஐயும் படைவீரர் கையிலுள்ள எம்-16ஐயும் வாசகர் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார். (ஏஆர் என்பதை ‘அசால்ட் ரைபிள்’ என்று விரித்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது.)

> ‘ஒப்பனைத் தடை’ என்பது என் பரிந்துரை. சட்டம் வெறும் தோற்றத்தைத்தானே பார்க்கிறது?

சொல் அழகாக இருக்கிறது, அதுதான் ஆபத்து. 1994 செப்டம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டு, 2004 செப்டம்பரில் காலாவதியான கூட்டரசுத் தடையைப் பாருங்கள். அது சில துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. மற்றவற்றுக்கு ஒரு கணக்கு வைத்தது. குண்டுகளை அடுக்கி வைக்கும் ரவைக்கூட்டைக் கழற்றி மாட்ட முடிகிற அரைத் தானியங்கி ரைபிளில், தோளில் ஊன்றும் பின்கட்டை மடங்குவதோ நீளுவதோ, கீழே துருத்திக்கொண்டிருக்கும் பிஸ்டல் பிடி, பயனெட் என்ற முனைக்கத்தியை மாட்டும் கொக்கி, குழல் முனையில் எழும் சுடரைக் குறைக்கும் சுடர்மறைப்பி அல்லது அதைத் திருகுவதற்கான மரை, கையெறி குண்டு ஏவி ஆகிய ஐந்தில் இரண்டு இருந்தால் தடை. ஒன்றே ஒன்று இருந்தால் தடையில்லை. தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? கொக்கியைச் சீவிவிட்டு, சுடர்மறைப்பியை எடுத்துவிட்டு, பிடியை மட்டும் வைத்துக்கொண்டு அதே துப்பாக்கியை விற்றார்கள்.

இழையில் இணைத்திருந்த இரண்டு படங்களையும் மறுபடி பாருங்கள். கறுப்பாக, எலும்பும் நரம்புமாக இருப்பது ஏஆர்-15. மரக்கட்டையுடன் தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி போல இருப்பது ரூகர் மினி-14. இரண்டும் .223 குண்டையே சுடும், இரண்டிலும் ரவைக்கூடு கழலும், இரண்டிலும் ஓர் இழுப்புக்கு ஒரு குண்டு. ஆனால் 1994 சட்டம், மடங்கு கட்டை இல்லாத மினி-14ஐப் பின்னிணைப்பில் பெயர் போட்டே விலக்கி வைத்தது. 1989 டிசம்பரில் கனடாவின் மொன்றியல் நகரில், எக்கோல் பொலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியில் 14 பெண்களைக் கொன்றவன் கையில் இருந்ததும் ஒரு மினி-14தான்.

இதை வைத்துத்தான் ‘ஒப்பனை’ என்று துப்பாக்கி உரிமைக்காரர்கள் கேலி செய்கிறார்கள். தடையை ஆதரிப்பவர்களிடமும் பதில் உண்டு: பிஸ்டல் பிடி இருந்தால் வேகமாகச் சுடும்போது துப்பாக்கி கைக்குள் அடங்கும், கட்டை மடங்கினால் மேலங்கிக்குள் மறையும், ஆகவே இவை அலங்காரமல்ல என்கிறார்கள். எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு, அது இங்கே வேண்டாம். கலைச்சொல்லே வழக்காடத் தொடங்கிவிட்டால் மொழிபெயர்ப்பாளன் எதற்கு?

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 ஜனவரியில் ஸ்டாக்டன் பள்ளியில் ஐந்து குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு அங்கே பெயர்ப்பட்டியலோடு தடை வந்தது. பெயரை மாற்றி விற்கத் தொடங்கியதும், 1999இல் பிடி, பின்கட்டை போன்ற உறுப்புகளையும் சட்டத்தில் சேர்த்தார்கள். அங்கே இரண்டு கூட வேண்டாம், ஒன்றே போதும். பிஸ்டல் பிடி என்றால் என்ன என்பதை அவர்கள் விதியில் எழுதியிருக்கும் விதம்தான் எனக்கு வழி காட்டியது. சுடும் கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு, விசையின் வெளியே தெரியும் பகுதியின் மேல்விளிம்புக்குக் கீழே அமர முடிந்தால் அது பிஸ்டல் பிடி. கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க முடியாதபடி நடுவில் ஒரு தகட்டை வைத்துவிட்டால் அது பிஸ்டல் பிடி இல்லை! அப்படித் துடுப்பு போல நீண்ட தகடு வைத்த பிடிகள் கடையிலேயே விற்கின்றன. சிரிப்பு வரலாம், ஆனால் இங்கே சட்டம் அளப்பது கை அமரும் இடத்தை. இதை எப்படி ஒப்பனை என்பது?

தோற்றத்தையே அளக்கும் சட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து 1996ஆம் ஆண்டுச் சட்டம், எந்த அளவுக் குண்டு, எப்படி இயங்குகிறது என்பதையெல்லாம் விட்டுவிட்டு, தடை செய்த சில வகைகளைப் பார்வைக்குப் பெருமளவு ஒத்திருந்தாலே தடை என்கிறது. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளிச் சுட வேண்டிய துப்பாக்கி கூட இதில் மாட்டலாம்.

ஆகவே நாம் ஒரு சொல்லைத் தேடியதே தவறு. நியூ சவுத் வேல்ஸ் விதிக்குச் ‘சாயல் தடை’. அமெரிக்காவில் நடப்பதற்கு ‘உறுப்புக் கணக்கு’: இந்த ரைபிள் உறுப்புக் கணக்கில் தேறவில்லை, கலிபோர்னியாவின் உறுப்புக் கணக்கு கடுமையானது என்று வாக்கியத்தில் இடறாமல் உட்காருகிறது. அந்தக் கணக்கில் சிக்கும் துப்பாக்கிக்குத் ‘தடைவகைத் துப்பாக்கி’. தடையே இல்லாத மாநிலத்தில் அதே துப்பாக்கி தடைவகை ஆகாது என்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

டொராண்டோவிலிருந்து அக்கா கேட்ட கனடாவின் ‘அசால்ட் ஸ்டைல்’ வேறு கதை. 2020 மே 1 அன்று அரசு ஆணையால் சுமார் 1,500 மாதிரிகளைத் தடுத்தார்கள், மினி-14 உட்பட. அது பெரும்பாலும் பெயர்ப்பட்டியல். அரசு சொல்லும் பெயரையே ‘தாக்குதல் பாணி’ என்று மேற்கோளுக்குள் போட்டுவிடுகிறேன் அக்கா.

ரவைக்கூடு என்றால் உப்புமா நினைவுக்கு வருகிறது என்று கிண்டல் செய்த தம்பிக்கு: ஈழத்தில் பல காலம் புழங்கிய சொல் அது, ‘மேகசின்’ என்றால் மட்டும் வாரப் பத்திரிகை நினைவுக்கு வராதா?

சுடர்மறைப்பியில்தான் இன்னும் தயக்கம். அது சுடரை எதிரியிடமிருந்து முழுக்க மறைப்பதில்லை. இருட்டில் சுடுகிறவரின் கண் கூசாமல் குறைக்கிறது. ‘சுடர்தணிப்பி’ பொருத்தமா? புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், வியாழன் கட்டுரையை அனுப்பியாக வேண்டும்.